வெந்நீர் ஊற்றில் ஓர் உயிர்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். "கொதிக்கும் நீரில் எந்த உயிரும் வாழாது" என்று வகுப்புதோறும் சொல்லி வந்தேன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "வெந்நீர் ஊற்றிலும் அப்படித்தானா, ஐயா?" என்று வினவினான். "அதில் என்ன ஐயம்? உட்கார்" என்றேன். என் விடை தவறானது என்பதை ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன். அந்தக் கடனை இன்று தீர்க்க முயல்கிறேன்.

அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்னும் தேசியப் பூங்கா இருக்கின்றது. அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளின் ஓரங்களில் மஞ்சளும் செம்மையுமாகப் படலங்கள் படர்ந்திருக்கும். தாமஸ் பிராக் என்ற அறிஞர் அவற்றை ஆராய முற்பட்டார். 1966-இல் அவரும் ஹட்ஸன் ஃப்ரீஸ் என்ற மாணவரும் அங்கிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். 70 டிகிரி வெப்பத்தில் அது செழித்து வளர்ந்தது. 1969-இல் அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டனர். கொதிக்கும் ஊற்றிலேயே வாழும் நுண்ணுயிர்களையும் பிராக் கண்டறிந்தார்.

இதனால் என்ன பயன்? முட்டையை வேகவைத்தால் வெண்கரு இறுகிவிடுகிறது. அதிலுள்ள புரதம் உருக்குலைவதே காரணம். உயிர்களின் உள்ளே வேலை செய்யும் நொதிகளும் புரதங்களே. பெரும்பாலானவை சூட்டில் கெட்டுவிடும். இந்தப் பாக்டீரியாவின் நொதிகளோ கெடுவதில்லை. டி.என்.ஏ.-யைப் படியெடுக்கும் அதன் நொதியை 1976-இல் தனியே பிரித்தனர்.

1983-இல் கேரி முல்லிஸ் என்பவர் டி.என்.ஏ.-யைப் பெருக்கும் வழியொன்றை வகுத்தார். ஏறத்தாழ 95 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் இரு இழைகளும் பிரியும். ஆறியபின் நொதி ஒவ்வோர் இழைக்கும் துணையிழை படைக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். முதலில் பயன்படுத்திய நொதி ஒவ்வொரு சூட்டிலும் அழிந்தமையால், சுற்றுதோறும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வெந்நீர் ஊற்றின் நொதி வந்ததும் அத்தொல்லை ஒழிந்தது. முல்லிஸ் 1993-இல் நோபல் பரிசு பெற்றார்.

2020-இல் பெருந்தொற்று பரவியபோது, காய்ச்சலுற்ற என் மூக்கிலும் பஞ்சுக்குச்சியை விட்டுச் சோதித்தார்கள். அந்தச் சோதனைக்கு அடிப்படை இம்முறையே. பிராக் மருந்து தேடி அந்த ஊற்றுக்குச் செல்லவில்லை. அங்கே வாழ்வது யாது என்று அறியவே சென்றார்.

இதைக் கேட்டு, குடிநீரைக் காய்ச்சுவது வீண் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நம்மை வாட்டும் நோய்க் கிருமிகள் கொதிநீரில் மடியும். ஊற்றில் வாழும் இனம் வேறு.

இறுதியாக, ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து கேட்டால் உட்காரச் சொல்லாதீர்கள். "எனக்குத் தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். நான் அன்று சொல்லத் தவறியது அதுவே.