அஞ்சாதே என்று சொன்ன மருத்துவச்சி



தொடக்க நூல் 35-ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். அவள் பெயர் நமக்குத் தெரியாது. எப்ராத்துக்குப் போகும் வழியில் ராகேலுக்கு வலி கண்டு, பிரசவம் கடினமானபோது உடனிருந்த மருத்துவச்சி அவள். பயப்படாதே, இதுவும் ஆண் குழந்தைதான் என்று தைரியம் சொல்கிறாள். ராகேல் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்த ஆறுதல் வார்த்தையை விவிலியம் விட்டுவிடாமல் எழுதி வைத்திருக்கிறது.

நம் வீட்டுப் பெண்களும் திருமுல்லைவாயிலிலிருந்து ஆவடிக்கும், கீழ்ப்பாக்கத்துக்கும், எழும்பூருக்கும் பிரசவத்துக்குப் போகிறார்கள். இருபது வருடம் கழித்து அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். போட்ட ஊசியின் பெயர் நினைவிருக்காது. "அந்த நர்சம்மா என் கையை விடவே இல்லை" என்பது நினைவிருக்கும். "பெத்துக்கத் தெரியுது, வலி தாங்கத் தெரியலையா?" என்று யாரோ அதட்டியதும் மறக்காது. அந்த ஒரு பேச்சுக்காகவே அடுத்த பிள்ளை வேண்டாம் என்றவர்களும் உண்டு. வலியில் படுத்திருப்பவளால் எழுந்து பதில் பேச முடியாது. அதனால்தான் அந்தச் சொல் அவ்வளவு ஆழமாக இறங்குகிறது.

இது வெறும் மனக்குறை அல்ல. வலியின்போது இடைவிடாமல் ஒருவர் துணையிருந்தால் என்ன நடக்கிறது என்று, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் பார்த்தார்கள். சிசேரியன் குறைகிறது, வலி நேரம் சற்றுக் குறைகிறது, பிரசவத்தைக் கசப்பாக நினைப்பவர்களும் குறைகிறார்கள். நம் தமிழக அரசோ 2004-லேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. பெண் உறவினர் ஒருவர் பிரசவ அறைக்குள் உடனிருக்கலாம். இது நம்மில் பலருக்குத் தெரியாததால், கேட்காமலே வராந்தாவில் நின்றுவிடுகிறோம்.

திருச்சபையும் இதில் மெதுவாகத்தான் கற்றது. துறவறச் சகோதரிகள் பிரசவம் பார்க்கக் கூடாது என்று ஒரு காலத்தில் தடை இருந்தது. ராவல்பிண்டியில் பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்கள் ஆண் டாக்டரிடம் போக முடியாமல் பிள்ளைப்பேற்றில் இறப்பதை ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல் கண்ணால் கண்டார். 1925-இல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936-இல் உரோமை அந்தத் தடையை நீக்கியது. பதினொரு ஆண்டுகள்! பிரசவ அறைக்குள் ஒரு சகோதரி நுழைய அவ்வளவு காலம் பிடித்தது.

செவிலியரைக் குற்றம் சொல்வது எளிது. இரவுப் பணியில் ஒருவரே பல கட்டில்களுக்கு ஓடுகிறார். வெளியே நாம் கதவைத் தட்டிச் சத்தம் போடுகிறோம். யாரும் ஆறுதல் சொல்லாத ஒருவர் பிறருக்கு எவ்வளவு நேரம் ஆறுதல் சொல்ல முடியும்? பார்வோனுக்கு அஞ்சாத சிப்ராவையும் பூவாவையும் கடவுள் நினைவில் வைத்து, அவர்கள் குடும்பங்களைத் தழைக்கச் செய்தார். வீட்டுக்குத் திரும்பும்போது டாக்டருக்கு இனிப்பு கொடுக்கிறோம். விடிய விடிய நின்ற நர்சுக்கும், துணி மாற்றிவிட்ட ஆயாம்மாவுக்கும் ஒரு நன்றி சொன்னோமா?

கர்ப்பிணியான எலிசபெத்தம்மாளைத் தேடி மரியா மலைநாட்டுக்கு விரைந்து போனார், மூன்று மாதம் தங்கினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் வடமாநிலக் குடும்பங்கள் நம் தெருக்களில் வாடகைக்கு இருக்கின்றன. அந்தப் பெண்களின் தாய்வீடு இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறது. தமிழும் தெரியாது. இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் விசாரியுங்கள்: நம் தெருவில் நிறைமாதமாக இருப்பவர் யார், அவரோடு மருத்துவமனைக்குள் போக யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லையென்றால், பிள்ளை பெற்ற அக்கா ஒருவர் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். வலி நடுராத்திரியிலும் எடுக்கலாம்.