வெறுங்குழி இரண்டு

கணினித் திரையில் தோன்றும் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்ணாக ஓரிடத்தில் பதிந்திருத்தல் வேண்டும். வரைகலை அட்டையின் நினைவகமே அவ்விடம் என்பதை நேயர்கள் அறிவர்.

1990களின் நடுப்பகுதியில் வெளிவந்த எஸ்3 ட்ரையோ64 அட்டைகள் பலவற்றில் ஒரு மெகாபைற்று நினைவகமே இருந்தது. அஃதாவது 1,048,576 பைற்றுகள். அகலம் 1024, உயரம் 768 எனில், திரையிலுள்ள புள்ளிகள் 786,432. புள்ளிக்கு ஒரு பைற்றாக 256 நிறங்களைக் காட்ட அந்நினைவகம் போதும். 65,536 நிறங்கள் வேண்டுமாயின் புள்ளிக்கு இரண்டு பைற்றுகள் தேவை, இடம் போதாது.

இதனை முன்னறிந்தே அட்டைகள் பலவற்றில் இரண்டு வெறுங்குழிகள் விடப்பட்டன. அரை மெகாபைற்றுச் சில்லுகள் இரண்டை அவற்றிற் பொருத்தினால் நினைவகம் இரட்டிக்கும். ஒவ்வொரு சில்லும் ஒரேவேளையில் 16 பிற்றுகளை வழங்குமாதலின், 32 பிற்றாயிருந்த தரவுப் பாதையும் 64 ஆக அகன்று வேகங்கூடும்.

பொருத்துமுன் மின்னிணைப்பை நீக்கி, உடலிலுள்ள நிலைமின்னையும் அகற்றுதல் வேண்டும். சில்லின் குறியும் குழியின் குறியும் ஒத்திருத்தல் அவசியம். மாறிப் பொருத்திய சில்லு பழுதாகிவிடலாம்.

இக்கால அட்டைகளில் நினைவகச் சில்லுகள் பலகையோடு பற்றாசிடப்பட்டுள்ளன. இடம் போதாதெனில் அட்டையையே மாற்றவேண்டும். பழைய அட்டையோ, உடையவர் தம் கையாலேயே அதனை வளர்த்துக்கொள்ள இடங்கொடுத்தது.