'விழுந்தார்' என்பதும் 'விழுந்ததாகக் கூறினார்' என்பதும்

பட்டமளிப்பு விழா உரை

 

பெங்களூருவின் விபத்துப் பிரிவு ஒன்றில் இரவுப் பணிக்கு அமரும் எந்த மருத்துவருக்கும், தன் உண்மைப் பெயரைச் சொல்லிக்கொண்டு வராத ஒரு நோய்நிலை விரைவிலேயே எதிர்ப்படும். படியில் வழுக்கியது என்றும், வெந்நீர் கொட்டிவிட்டது என்றும், பாட்டிக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றும் அது வேறு பெயர்களில் வந்து நிற்கும். உடனிருப்பவரே இழைக்கும் அடி, சூடு, பாலியல் வன்முறை, மிரட்டல் ஆகியவை கொடுமை எனப்படும். பார்த்துக்கொள்ள வேண்டியவர் உணவையும் மருந்தையும் துப்புரவையும் தராமல் விடுவது புறக்கணிப்பு எனப்படும்.

மருத்துவ உலகம் இதைத் தாமதமாகவே கண்டுகொண்டது. மூளையுறைக்கு அடியில் இரத்தம் கட்டியிருந்த ஆறு குழந்தைகளின் கை கால் எலும்புகளில் முறிவுகளும் இருந்ததை அமெரிக்கக் கதிர்ப்பட மருத்துவர் ஜான் கேஃபி 1946-இல் எழுதினார். அத்தகைய காயங்கள் பெற்றோரின் கையாலேயே நேர்ந்திருக்கலாம் என்பதை ஹென்றி கெம்பேயும் அவருடன் பணியாற்றியோரும் 'அடிபட்ட குழந்தை நோய்க்குறித் தொகுதி' என்று பெயரிட்டு உரக்கச் சொல்ல 1962 ஆயிற்று. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் எக்ஸ்-ரே படங்கள் மாறிவிடவில்லை. குழந்தையைத் தூக்கிவந்தவரின் சொல்லை ஐயுறும் துணிவுதான் பரவலாகப் பிறக்கவில்லை.

சொல்லப்படும் காரணத்துக்கும் காயத்துக்கும் பொருத்தம் உண்டா என்பதே முதற்கேள்வி. தவழவே தொடங்காத குழந்தையின் உடலில் உள்ள கன்றல், பிரம்பு பட்டு நடுவே வெளிறி இருபுறமும் இணைகோடுகளாகச் சிவந்த தடம், காலுறை அணிந்ததுபோல் ஒரே மட்டத்தில் முடியும் வெந்நீர்ப் புண், படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரின் இடுப்பில் எலும்பு தெரியும்வரை ஆழ்ந்த படுக்கைப்புண் ஆகியவை அக்கேள்வியை எழுப்புகின்றன. ஆயினும் சில குழந்தைகளின் பின்னிடுப்பில் பிறவியிலேயே காணும் நீலத் திட்டு அடிபட்ட தடம் அன்று. இரத்தம் உறையாத நோயும், எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவிக் குறையும்கூட அடியின் தோற்றத்தைத் தரவல்லவை. காமாலைக்கும் வலிப்புக்கும் பச்சிளங்குழந்தைக்குச் சூடு போடும் வழக்கமோ கொடுமைக்கும் கொடுமை அல்லாததற்கும் இடையே நிற்கிறது: போட்டவர் காக்கவே எண்ணியிருப்பார், ஆனால் குழந்தையின் தோலுக்கு அது தீக்காயமே.

இந்நகரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, ஒடியா எனப் பல மொழிகள் புழங்கும் ஊரில், மருத்துவர் அறியாத மொழியில் பேசும் நோயாளிக்கு உடன்வந்தவரே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறார். கட்டட வேலைக்காகத் தருமபுரியிலிருந்தோ ராய்ச்சூரிலிருந்தோ வந்த பெண்ணின் பேச்சைக் கணவரே மாற்றிச் சொன்னால், பதிவாவது கணவரின் வாக்குமூலம்தான். வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கையில் தனியே விசாரிப்பது கடினம் என்பது உண்மையே, ஆனாலும் எடை பார்க்கவோ சிறுநீர் மாதிரி எடுக்கவோ அழைத்துச் செல்லும் இரண்டு நிமிடத்தில், அம்மொழி அறிந்த செவிலியரின் துணையோடு, "வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, அம்மா?" என்று ஒரு வரி கேட்டுவிட முடியும்.

கேட்டதை எழுதுவதில்தான் மருத்துவரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ-சட்ட வழக்குகளுக்கான எம்.எல்.சி. பதிவேட்டில் 'படியிலிருந்து விழுந்தார்' என்று எழுதும் மருத்துவர், தாம் காணாத ஒன்றுக்குச் சாட்சியாகிவிடுகிறார்; 'படியிலிருந்து விழுந்ததாகக் கணவர் கூறினார்' என்று எழுதுபவர், சொன்னவர் யார் என்பதையும் சேர்த்துக் காக்கிறார். அதன்கீழ் நோயாளி தனியே சொன்னது அவருடைய சொற்களிலேயே வர வேண்டும். பிறகு ஒவ்வொரு காயத்தின் இடம், நீளம், நிறம், உடல் வரைபடத்தில் அதன் குறி. பல மாதங்களுக்குப் பின் காயம் ஆறிப்போன உடலோடு நீதிமன்றத்தில் நிற்பவருக்கு அந்தப் பக்கம் ஒன்றே மிஞ்சியிருக்கக்கூடும்.

நோயாளி 18 வயது நிறையாதவராக இருந்து பாலியல் குற்றம் என்ற ஐயமும் எழுந்தால், சட்டம் மருத்துவரின் விருப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவரும் நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் ஆறு மாதம்வரை சிறை உண்டு, நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்கு இல்லை. விடுதி மாணவியருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று தொடரப்பட்ட மராட்டிய வழக்கில், தெரிவிக்காமையைக் கடுங்குற்றம் என்றே 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. நிரூபிக்கும் சுமை மருத்துவருடையது அன்று.

வயதுவந்த பெண்ணின் நிலை வேறு. புகார் பதிவாகவில்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது என 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் கூறுகின்றன; அப்புகாருக்கான படிவத்தை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பும் பொறுப்பையும் மருத்துவமனைக்குத் தருகின்றன. ஆனால் வீட்டைவிட்டு வெளியேற முயலும் வேளையே பல பெண்களுக்கு ஆபத்து மிகுந்த வேளை. ஆதலால் அவளுக்குச் சொல்லாமல் எடுக்கப்படும் எந்த நடவடிக்கையும், எவ்வளவு நல்லெண்ணம் கொண்டதாயினும், அவளை மீண்டும் ஒருமுறை வாயடைக்கச் செய்வதே ஆகும். மனநோயாளியைப் பொறுத்தவரை, பராமரிப்பவரே அவரைத் துன்புறுத்துகிறார் அல்லது புறக்கணிக்கிறார் என்று நம்பக் காரணமுள்ள எவரும் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியின் மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை அறிந்த நாட்டில், அவ்விதி வெறும் எழுத்தாக இருந்துவிடக் கூடாது.

துணைக்கு ஆள் இல்லாத ஊர் அன்று பெங்களூரு. வாழ்க்கைத் துணையின் வன்முறையால் துன்புற்ற பெண்களுக்கென மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் 'அவேக்' என்ற சிகிச்சைப் பிரிவு உண்டு. முதியோருக்கு, மாநகரக் காவல்துறையும் நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளையும் இணைந்து 2002-இல் தொடங்கிய உதவி மையம் உண்டு. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. ஆனால் இந்த எண்களை மருந்துச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், வீடு சேருமுன் அச்சீட்டை வேறொருவர் படித்துவிடலாம். நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாயால் சொல்வதே பாதுகாப்பு. அன்றைக்கு எதையும் சொல்ல விரும்பாத பெண்ணுக்கும் சீட்டில் எழுத ஒன்று உண்டு. மூன்றாம் நாள் கட்டுப் பிரித்துப் பார்க்க வர வேண்டும் என்று தேதியிட்டு எழுதிவிட்டால், யாராலும் தடுக்க முடியாத காரணத்தோடு அவள் மீண்டும் அதே அறைக்கு வர முடியும்.