ரப்பர்க் கொட்டையிலும் மரத்தூளிலும் பிறக்கும் கரி

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய உரை)



வெயில் நாளில் ரப்பர்க் காய் படீரென வெடித்து, மூன்று கொட்டைகளும் மூலைக்கொன்றாய்த் தெறிப்பதை நீங்கள் நன்கறிவீர்கள். பிள்ளைகள் சிலவற்றைப் பொறுக்கி விளையாடுவர். எஞ்சியவை நிரைகளுக்கிடையே மக்கிப்போகும். அந்தக் கொட்டையின் ஓடு அழுக்கு நீரைத் தெளிய வைக்கும் என்பதே நான் கூற வந்த செய்தி.

இந்த ஆராய்ச்சி நடந்த இடம் தொலைவில் இல்லை. 1969-இல் பினாங்கில் தொடங்கப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் அக்கரையில், நிபோங் திபாலில் உள்ளது. அங்குள்ள ஆய்வாளர்கள் ரப்பர்க் கொட்டை ஓட்டைக் கரியாக்கி, அது சாயத்தை எவ்வளவு பற்றுகிறதென அளந்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு கிராம் கரி 200 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட நீலச் சாயத்தைப் பற்றிக்கொண்டது.

அடுப்புக்கரி இவ்வேலையைச் செய்யுமா? செய்யாது. ஓட்டைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, காரப்பொருள் சேர்த்து, கரியமில வாயுவைச் செலுத்தி, கடும் வெப்பத்தில் மீண்டும் சுடுகின்றனர். அப்பொழுது கரியினுள் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கின்றன. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். இத்துளைகளில் பல, இரண்டு நானோமீட்டருக்கும் குறுகியவை. நன்கு பக்குவப்படுத்திய கரி ஒரு கிராமில் உள்ள துளைச் சுவர்களையெல்லாம் விரித்தால் 1,000 சதுர மீட்டர் வரும். அதாவது பன்னிரண்டு பூப்பந்து ஆடுகளங்கள்! அழுக்கு ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடம்.

அழுக்கு தங்கும் இடத்தில் மின்சாரமும் தங்கும். பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரப்பர் மரத்தூளை இவ்வாறே கரியாக்கி, மின்சாரத்தைச் சேமிக்கும் மீமின்தேக்கி செய்ததை 2011-இல் வெளியிட்டனர். பாட்டரி அளவுக்கு அது மின்சாரம் கொள்ளாது. ஆயினும் சில நொடிகளில் நிரம்பும். இலட்சக்கணக்கான முறை நிரப்பினும் எளிதில் தளராது.

இனி நம் ஆலைக் கழிவுநீருக்கு வருவோம். பாலை உறைய வைத்த அமிலமும், அம்மோனியாவும், பாலின் சாறும் ஆற்றில் கலந்தால் நீரிலுள்ள உயிர்வளி குன்றி மீன் மடியும். இதனைக் கட்டுப்படுத்தவே, 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், ரப்பர் ஆலைகளுக்கென 1978-இல் தனி விதிகள் வந்தன. கரி வந்துவிட்டதால் கழிவுநீர்க் குளங்கள் தேவையில்லை என எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். குளத்தில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலையைக் கரி செய்யாது. இறுதியில் எஞ்சும் நிறத்தையும் சில இரசாயனங்களையும் பிடிக்கவே அது உதவும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். கரியில் வடித்த நீரில் கிருமி சாகாது. கொதிக்க வைத்தே குடியுங்கள். கரித்தூளைக் கையாளுவோர் மூக்கை மூடிக்கொள்ளவேண்டும்.

இதனால் நமக்கு வருமானம் உண்டா என்று கேட்பீர்கள். கொட்டை உதிர்வது சிறிது காலமே. அதுவும் தோட்டமெங்கும் சிதறிக் கிடக்கும். பொறுக்கும் கூலியைக் கரியின் விலை தாங்குமா என்பதே கேள்வி. மரத்தூளோ அறுவை ஆலையில் தானே குவிகிறது. காளான் வளர்ப்போரும் அதை வாங்குகின்றனர். ஆகவே மரத்தூள்தான் முந்தும் என்பது என் கருத்து. கொட்டைக்கு எவரேனும் விலை பேச வந்தால், கிலோவுக்கு எவ்வளவு என்பதோடு, ஒரு கிலோ பொறுக்க எத்தனை நாழிகை ஆகிறது என்பதையும் கணக்கிட்டபின் ஒப்புக்கொள்ளுங்கள்.