கவிஞர் நுஃமானின் வாசிப்பு



அக்குறணையில் எங்கள் அயலில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். அண்மையில் ஒரு கொப்பி நிறையக் கவிதைகளோடு வந்தான். "யார் யாரை வாசிக்கிறீர், தம்பி?" என்று கேட்டேன். "ஒருவரையும் வாசிப்பதில்லை, சேர். வாசித்தால் அவர்களுடைய பாணி எனக்கு வந்துவிடும்" என்றான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் தமிழ் கற்பித்த கவிஞர் எம். ஏ. நுஃமான், 1944இல் கல்முனைக்குடியில் பிறந்தவர். இளமையிலே கவிஞர் நீலாவணனோடு பழகும் வாய்ப்புப் பெற்றவர். மஹாகவியை ஆழ்ந்து வாசித்தவர். மரபுச் செய்யுளுக்குள் பேச்சோசையைக் கொண்டுவந்தவரல்லவா மஹாகவி? 'தாத்தாமாரும் பேரர்களும்' என்ற நுஃமானின் 1977ஆம் ஆண்டுத் தொகுதியிலே அந்த ஓசையின் சாயல் உண்டு, நான் மறுக்கமாட்டேன். ஆயினும் அதிலே பேசுகின்ற குரல் நுஃமானுடையதே.

உள்ளூர் வாசிப்போடு அவர் நின்றுவிடவில்லை. மஹ்மூத் தர்வீஷ் முதலான பாலஸ்தீனக் கவிஞர்களை ஆங்கிலத்தின் வழியாக வாசித்துத் தமிழாக்கினார். 'பாலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் நூலாக வந்தது. மொழிபெயர்ப்பு என்பது வாசிப்பிலேயே மிகக் கடினமான வாசிப்பு. ஒரு சொல்லையும் தாண்டிப்போக முடியாது. (பரீட்சைக்காகக் கவிதை வாசிக்கும் எங்கள் பிள்ளைகள் தாண்டுவதிலேதான் கெட்டிக்காரர்கள்.)

அதே 1981இன் ஜூன் முதலாந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கொளுத்தப்பட்ட நூல்களோடு புத்தரும் கொல்லப்பட்டதாகக் கண்டு, 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை நுஃமான் எழுதினார். கோபத்தைக் கூச்சலாக்காத கவிதை அது. தூரத்து மக்களின் துயருக்குத் தமிழ்ச் சொல் தேடிய பயிற்சி, சொந்த மண்ணிலே நெருப்பு மூண்டபோது கைகொடுத்தது என்பது என் துணிபு. பிறரை வாசித்ததனால் அவர் தம்மை இழந்தாரா?

மாணவன் பதில் சொல்லவில்லை. அலுமாரியிலிருந்த பாலஸ்தீனக் கவிதைகளை எடுத்துக் கொடுத்தேன். பிங்கா ஓயா பெருகி வீட்டுக்குள் வந்த ஒருமுறை நனைந்த பிரதி. சில தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

"கிழியாமல் மெதுவாகப் பிரித்து வாசியும்" என்றேன்.

இரண்டு கிழமையாகிறது. புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.