ஜீரோ வாங்கினா ஜெயிச்சாச்சு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கனகம்மாசத்திரம். சென்னையிலிருந்து திருப்பதி போற ரோட்ல, திருத்தணிக்கு முன்னாடி வருமே, அந்த ஊர்தான்.

அங்க என் மாமா பையன் ஃபோட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கான். ஸ்கூல்ல கொடுத்த இலவச லேப்டாப்ல லினக்ஸ் பழகினவன். 2011-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல வந்த பல லேப்டாப்கள்ல, விண்டோஸோட சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தப் பழக்கத்துல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருந்தான்: கேமரா கார்டுல இருக்கிறதை ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணு, செமிகோலன், கார்டைக் காலி பண்ணு.

ஒரு நாள் டிஸ்க் நிரம்பிடுச்சு. காப்பி பாதியில நின்னுச்சு. "இடம் இல்லை"ன்னு திரையில எரர் வந்துச்சு. அடுத்த நொடியே கார்டு காலி. ஒரு கல்யாணத்தோட மொத்தப் படமும் அதுலதான் இருந்தது.

"எரர்தான் வந்துச்சே, அப்புறமும் ஏன் அழிச்சது?"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி. ஆனா ஷெல் திரையைப் படிக்கிறதே இல்லை.

நம்ம ஊர் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. எல்லாரும் ஏறிட்டாங்களான்னு டிரைவர் திரும்பிப் பார்க்கிறதில்லை. கண்டக்டர் விசில்தான் கணக்கு. ஷெல்லும் அப்படித்தான். ஒவ்வொரு கமாண்டும் முடியும்போது ஒரு எண்ணைக் கொடுத்துட்டுப் போகும், 0-லிருந்து 255-க்குள்ள. அதுக்குப் பேர் எக்ஸிட் ஸ்டேட்டஸ். 0-ன்னா வெற்றி. மத்த எல்லாமே தோல்வி.

பரீட்சைக்குத் தலைகீழா இருக்கில்ல? காரணம் எளிமையானது. ஜெயிக்கிறதுக்கு ஒரே வழி; தோக்கிறதுக்கு ஆயிரம் வழி. 127-ன்னா அப்படி ஒரு கமாண்டே கிடைக்கல. 126-ன்னா ஃபைல் இருக்கு, ஓட்ட முடியல. 130-ன்னா பெரும்பாலும் நீங்களே கன்ட்ரோல்-சி அடிச்சு நிறுத்தியிருப்பீங்க. கமாண்ட் முடிஞ்ச உடனே எக்கோ போட்டு, டாலர், கேள்விக்குறி அடிச்சா இந்த எண் தெரியும். இரண்டாவது தடவை அடிச்சா 0 வரும். அது அந்த எக்கோவோட எண், ஏமாந்துடாதீங்க.

எல்லாத் தோல்வியும் தப்புன்னும் இல்லை. கிரெப்ல தேடின வார்த்தை கிடைக்கலைன்னா 1 தரும். உண்மையான கோளாறுன்னாதான் 2.

சரி, நம்மாளு எங்க கோட்டை விட்டான்? செமிகோலன்னா "விசில் வந்தாலும் வராட்டியும் வண்டியை எடு"ன்னு அர்த்தம். அங்க && போட்டிருந்தா, முதல் கமாண்ட் 0 கொடுத்தாதான் இரண்டாவது ஓடும். காப்பி தோத்த இடத்திலேயே எல்லாம் நின்னிருக்கும்.

மறுநாளே && போட்டான். கூடவே லாக் வேணும்னு, காப்பி கமாண்டுக்குப் பின்னாடி ஒரு பைப் போட்டு 'டீ' கமாண்டையும் சேர்த்தான். நல்லவேளை, ஓட்டுறதுக்கு முன்னாடி பார்த்தேன். பைப்ல எத்தனை கமாண்ட் இருந்தாலும், கடைசி ஆளோட எண்ணைத்தான் ஷெல் எடுத்துக்கும். காப்பி தோத்தாலும், லாக் எழுதின டீ ஜாலியா 0 கொடுத்துடும். கார்டு மறுபடி காலி! பாஷ்ல 'செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில்'னு ஒரு வரி மேல சேர்த்தா, நடுவுல யார் தோத்தாலும் மொத்தமும் தோல்வின்னு எடுத்துக்கும்.

இன்னொண்ணு. 0 என்பது அந்த புரோகிராம் தர்ற வாக்கு மட்டும்தான். அதனால இப்போ ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனி ஃபோல்டர். காப்பி பண்ணு, 'டிஃப்' வெச்சு இரண்டு பக்கமும் ஒண்ணான்னு பாரு, அப்புறம்தான் அழி. நடுவுல இரண்டு &&.

அந்தக் கல்யாணப் படங்கள்? கார்டுல புதுசா எதுவும் எழுதாததால, ஃபோட்டோரெக் வெச்சு நிறைய மீட்டோம். எல்லாத்தையும் இல்லை. அந்த வீட்டுக்கு நேர்ல போய்ச் சொன்னது அவன்தான்.

உங்க ஸ்கிரிப்ட்ல ஏதாவது அழிக்கிற வரி இருந்தா, அதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு இன்னிக்கே ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!