ஊசி எவர்க்கு வேண்டும்?



களைப்பு என்றவுடன் ‘சத்து ஊசி’ நாடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அஃது எவர்க்கு இன்றியமையாதது? 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 உயிர்ச்சத்தைக் குடல் ஏற்க, இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் துணைபுரிதல் வேண்டும். அது சுரவாதார்க்கு ஊசி உயிர்காக்கும் மருந்தாகும். பிறர்க்குப் பெரும்பாலும் மாத்திரையே போதும்.

பால், முட்டை, மீன், இறைச்சியில் பி12 உண்டு, காய்கறியில் இல்லை. ஆதலின் மரக்கறி உண்போர் கால் மரத்துப்போதலை முதுமையென்று தள்ளலாகாது. பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலம் மட்டும் உண்டால் சோகை மறையலாம். நரம்புச் சேதமோ உள்ளே வளரும். ‘டி’ ஊசி அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும்.

ஆகவே அன்பர்களே, முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகே ஊசி!